ஐந்தாம் முகாம்

சந்திவெளியில் உயரம் என்று சொல்ல
ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது.
மற்றதெல்லாம் தட்டை: வாவி, வட்டை, வெயில்.
அதனால்தானோ என்னவோ
இரவில் தையல் முடித்தபின்
கைப்பேசியில் மலை பார்ப்பேன்.

இமயத்தில், அந்தீசில், கிளிமஞ்சாரோவில்
கோத்த மணிகள்போல் ஆட்கள் ஏறுகிறார்கள்.
அவர்களில் ஒருவனுக்கு இரண்டு காலும் இல்லை.
பனி கடித்தது, வெட்டினார்கள் என்கிறான்
எறும்பு கடித்ததைச் சொல்வதுபோல.
பொய்க்காலுக்குக் குளிராது, அது ஒரு வசதி என்று
சிரிக்கவும் செய்கிறான்.

என்னைக் கடித்தது மண்.
விறகுக்குப் போன வழி, பதினேழு வயது.
அதில் சிரிக்க ஓரிடம்
நானும் தேடிப் பார்த்ததுண்டு.

ஒன்றாம் முகாம், இரண்டாம் முகாம் என்று
அவர்கள் எண்ணும்போது மட்டும்
எனக்குக் கொஞ்சம் கர்வம்.
நானும் நாலு முகாம் கடந்தவள்:
பள்ளிக்கூடம், கோயில் மடம்,
தகரக் கொட்டில், நீலத் தறப்பாள்.
உயரம்தான் கூடவில்லை.

"குடும்பிமலை ஏறுவமா கா?"
கேட்டவன் றமீஸ்.
ஏறாவூரில் அரிசிக் கடைக் கணக்கு எழுதுகிறான்,
இளம்பிள்ளை வாதம் சூம்பவைத்த காலுக்கு
இரண்டு ஊன்றுகோல்.
கண் தெரியாத கமலதாசன் உடனே சரி என்றான்.
மேல போய் என்னத்தப் பாக்கப் போறாய் என்றேன்.
"காத்து" என்றான்.

நாலாவது ஆள் மெல்வின்,
கால் செய்யும் பட்டறைத் தச்சன்.
ஷேர்பா இல்லாத எங்களுக்கு
அலன் சாவியும் தோல்வாரும்
தன் பொறுப்பென்று வந்தவன்.

விடியமுன் பாதையில் வாவி கடந்தோம்.
எங்கள் பக்கம் பாதை என்றால்
தண்ணீரில் மிதப்பது.
மறுகா லான்ட்மாஸ்டர் பெட்டியில் இரண்டு மணித்தியாலம்.
வழிவிடுவதா என்று எருமைகள் யோசித்தன.
தூரத்தில், குடும்பி முடிந்த தலையாய் மலை.
அதற்கு மூன்று மொழியில் மூன்று பெயர்,
அதில் இரண்டுக்காக ஆட்கள் செத்ததுண்டு.
மலை எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை.

ஒன்பது மணிக்கே பாறை கொதித்தது.
பனிமலைக்காரருக்கு மிச்சக்கால் சுருங்குமாம்.
எனக்கு வியர்த்து வழுக்கியது.
நூறு எட்டுக்கு ஒருதரம் உட்கார்ந்து
கழற்றி, துடைத்து, மாட்டி,
திரும்பவும் கழற்றி.
றமீஸ் ஊன்றுகோலின் பரம்பரையையே திட்டினான்.
கமலதாசன் உள்ளங்கையால் பாறையைத் தடவி
"இஞ்ச ஒரு வெடிப்பு, நாலு விரல் போகும்" என்றான்.
நாலு விரலும் போயிற்று.

கடைசிப் பாறைக்குக் கீழே திருகு தளர்ந்தது.
மெல்வின் பையைக் கொட்டித் தேடினான்.
சாவி லான்ட்மாஸ்டரில்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

வியர்த்த காலுறையைக் கிளையில் காயவிட்டு
காலைச் செருப்போடு வீரை மரத்தில் சாத்தினேன்.
ஐந்தாம் முகாம், என்றேன்.
மறுகா குந்தியிருந்து, கையை ஊன்றி,
பின்பக்கமாக,
மலைக்கு முதுகைக் காட்டியபடி ஏறினேன்.
உச்சி வந்தது எனக்குத் தெரியவில்லை.
கமலதாசன்தான் சொன்னான்:
காத்து மாறிப்போச்சு.

கொடி ஒன்றும் நடவில்லை.
கீழே விரிந்ததில்
என் கால் போன இடத்தைத் தேடினேன்.
எல்லாம் ஒரே பச்சை.
றமீஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த பராட்டாவைப்
பிய்த்துப் பிய்த்துத் தந்தான். உப்புக் கூட.

இறங்குவதுபற்றி
அந்தப் படங்களில் அதிகம் இல்லை.
வந்து பார்த்தால் கால் நிற்கிறது,
காலுறையைக் காணோம்.
மேல் கிளையில் ஒரு குரங்கு
அதைத் தலையில் மாட்டிக்கொண்டு
எங்களையே பார்த்தது.
றமீஸ் ஊன்றுகோலை விட்டுவிட்டு
நிலத்தில் இருந்து சிரித்தான்.
எனக்கும் நிற்கவில்லை,
கண்ணீர் வரும்வரை.

மெல்வின் தன் சாரத்தில் ஒரு முழம் கிழித்தான்.
அதைச் சுற்றித்தான் இறங்கினேன்.
மட்டமான துணி.
அடிவாரம் வருமுன்னே
இழை இழையாய்ப் பிரிந்துபோனது.